துணைக்குப் போனவள்

எங்கள் வீட்டில் வயசுக்கு வந்த பெண் தனியாகத் தெருவில் இறங்கக் கூடாது. எங்கள் வீட்டில் மட்டும் இல்லை, தேனி அல்லிநகரத்தில் நாங்கள் குடியிருந்த தெரு முழுக்க அதுதான் வழக்கம். தையல்காரரிடம் போனாலும், டைப்ரைட்டிங் வகுப்புக்குப் போனாலும், கோவிலுக்கே போனாலும் துணைக்கு ஒரு ஆள் வேண்டும். என் அக்காவுக்கு வாய்த்த துணை நான். அவளுக்குப் பதினெட்டு வயது, எனக்குப் பன்னிரண்டு. ரோட்டைக் கடக்கும்போது அவள்தான் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போவாள். நாய் குரைத்தால் நான் அவள் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொள்வேன். இந்த லட்சணத்தில் நான் அவளுக்கு என்ன துணை என்று வீட்டில் யாரும் யோசித்ததாகத் தெரியவில்லை.

யோசிக்க என்ன இருக்கிறது. துணைக்கு அனுப்புவது காவலுக்கு இல்லை, திரும்பி வந்து சொல்வதற்கு. இது எனக்கு உறைக்க வெகுகாலம் ஆயிற்று. நாங்கள் வீட்டுக்குள் நுழைந்ததும் அக்கா கால் கழுவக் கொல்லைப் பக்கம் போவாள். அந்த இரண்டு நிமிஷத்தில் அம்மா என்னை அடுப்படிக்குக் கூப்பிட்டு, உள்ளங்கையில் கொஞ்சம் பொட்டுக்கடலையும் ஒரு துண்டு வெல்லமும் வைப்பாள். "எங்கனெல்லாம் போனீக? யாரு பேசுனாக?" என்று கேட்பாள். மிரட்டலாக இருக்காது. குழம்பைக் கிண்டிக்கொண்டு, என் முகத்தைக்கூடப் பார்க்காமல் கேட்பாள். நானும் வெல்லத்தைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு சொல்வேன். டைப் வகுப்பில் அக்கா பக்கத்தில் யார் உட்கார்ந்தது, பஸ் ஸ்டாண்டு முக்கில் நாங்கள் நின்றது, வளையல் கடைக்காரர் சிரித்தது. அதைக் கோள் என்று நான் நினைத்ததில்லை. அம்மா கேட்கிறாள், பிள்ளை சொல்கிறது. அவ்வளவுதான்.

அந்தச் சமயத்தில்தான் அந்த இந்திப் படம் தேனிக்கு வந்தது. படத்தின் பெயர் ஊரில் ஒருவர் வாயிலும் ஒழுங்காக நுழையவில்லை. துப்பாக்கிக்காரி படம் என்றே எல்லோரும் சொன்னார்கள். சுவரெங்கும் போஸ்டர். கறுப்புக் கோட்டும் கால்சட்டையும் போட்ட ஒருத்தி, தோளோடு வெட்டிய முடி, கையில் துப்பாக்கி. அவளுக்குப் பின்னால் சின்னதாக நாலைந்து ஆண்கள். அதுவரைக்கும் நாங்கள் பார்த்த போஸ்டர்களில் ஆண் பெரிதாக இருப்பான், பெண் அவன் தோளில் சாய்ந்திருப்பாள். அக்கா அந்தப் போஸ்டருக்கு முன்னால் நின்று பார்த்தாள். இதையும் நான் அம்மாவிடம் சொல்லியிருக்கிறேன்.

இந்திக்கு எதிராக ஊர் கொதித்து அடங்கிச் சில வருஷங்கள் ஆகியிருந்தன. பள்ளிக்கூடத்தில் இந்திப் பாடம் போய்விட்டது. இந்திப் படம் வந்தால் நாலு நாள் பகல் காட்சி ஓடும், கூட்டம் இருக்காது. அதையே அக்கா தனக்குச் சாதகமாக்கிக்கொண்டாள். "இந்திப் படம்மா. கெட்டுப்போகணும்னாக்கூட ஒண்ணும் புரியாது" என்று அம்மாவிடம் சொன்னாள். அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சனிக்கிழமை சந்தை நாள், அப்பா இரும்புக் கடையை விட்டு நகர மாட்டார். போய்விட்டு அவர் சாப்பிட வருவதற்குள் வந்துவிட வேண்டும் என்று அனுப்பினாள். துணைக்கு நான்.

கொட்டகையில் பெண்கள் பக்கம் தனி. நடுவில் இடுப்பளவுச் சுவர். அன்றைக்குப் பெண்கள் பக்கத்தில் பதினைந்து பேர் இருந்தால் அதிகம். சந்தைக்கு வந்து, சாமான் மூட்டையோடு வெயிலுக்கு ஒதுங்கியவர்கள்தான் பாதிப் பேர். படப் பெட்டி ஒன்றுதான். அதைப் பக்கத்து ஊர்க் கொட்டகையிலும் எங்கள் ஊரிலும் பங்கு போட்டு ஓட்டினார்கள். அங்கே ஓடி முடிந்த ரீல்களைத் தகர டப்பாவில் வைத்துச் சைக்கிளில் ஒருவர் கொண்டுவருவார். அங்கே தொடங்கி முக்கால் மணி நேரம் கழித்துத்தான் இங்கே தொடங்கும். நடுவில் சைக்கிள் வரத் தாமதமானால் திரை வெள்ளையாக நிற்கும், ஆண்கள் பக்கம் விசில் பறக்கும்.

படம் எங்களுக்குப் புரிந்தது என்றுதான் சொல்ல வேண்டும். வசனம் ஒரு வார்த்தை தெரியாது. ஆனால் அவள் சர்க்காருக்காக உளவு பார்க்கிறவள், எதிரிகளிடமிருந்து ஏதோ காகிதங்களை எடுத்து வர வேண்டும், அதற்காக அவர்களில் ஒருத்தி மாதிரி அவர்கள் வீட்டிலேயே பழகுகிறாள் என்பது தெரிந்தது. அவளுக்குத் துணைக்கு யாரும் வரவில்லை. ரயிலில் தனியாக ஏறினாள், ஓட்டலில் தனியாகச் சாப்பிட்டாள், ராத்திரி தெருவில் தனியாக நடந்தாள். அக்கா முன் பெஞ்சின் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு நுனியில் உட்கார்ந்திருந்தாள்.

கடைசிக்குக் கொஞ்சம் முன்னால் திரை வெள்ளையாகிவிட்டது. வெளியே மழை பிடித்திருந்தது, சைக்கிள் வரவில்லை. வேர்க்கடலை விற்கிறவர் இரண்டு சுற்று வந்துபோனார். அப்புறம் ஒரு வழியாகப் படம் ஓடியது. எடுத்த எடுப்பில் அவள் ஒரு பாலத்தில் நிற்கிறாள், எங்கிருந்தோ சுடுகிறார்கள், விழுகிறாள். பனித் தரையில் கண்ணைத் திறந்தபடி கிடக்கிறாள். ஒரு பெரிய அதிகாரி தொப்பியைக் கழற்றுகிறார். திரையில் ஏதோ இந்தி எழுத்து பெரிதாக வந்தது. ஏதாவது ஊர்ப் பெயராக இருக்கும் என்றாள் அக்கா. அவள் கன்னமெல்லாம் ஈரம்.

அடுத்த ரீல் ஓடியது. அவள் ஜீப் ஓட்டிக்கொண்டு மலை ஏறுகிறாள்! அதே கறுப்புக் கோட்டு. பக்கத்து சீட்டில் காகிதக் கட்டு. ஒரு பக்கம் மலை, ஒரு பக்கம் கிடுகிடு பள்ளம். எங்களுக்குப் பின்னால் இருந்த ஒரு அம்மாள், நம்ம குமுளி ரோடு மாதிரியே இருக்கு என்றாள். பிறகு அவளே எல்லோருக்கும் கதையை விளக்கினாள்.

"அவ எங்கன செத்தா? செத்த மாதிரி கிடந்திருக்கா. அவுக போனதும் எந்திரிச்சு வந்துட்டா. உளவுக்காரின்னா சும்மாவா?"

எல்லோரும் ஒத்துக்கொண்டோம். எவ்வளவு கெட்டிக்காரி என்று ஆண்கள் பக்கத்திலும் கை தட்டினார்கள். ஜீப் தூரத்தில் ஒரு பாலத்தை நோக்கிப் போய்க்கொண்டிருக்கும்போதே ரீல் முடிந்தது, விளக்குப் போட்டார்கள். ஒரு ஜீப் போகிறது, அதை ஓட்டுவது ஒரு பெண், அவளை யாரும் பிடிக்கவில்லை. அதோடு நாங்கள் வீட்டுக்கு வந்தோம். அம்மா கேட்டதற்கு, படம் நன்றாக இல்லை, ஒன்றும் புரியவில்லை என்று அக்கா சொல்லச் சொன்னபடியே சொன்னேன். அம்மாவிடம் நான் சொன்ன முதல் பொய் அது. வெல்லம் அன்றைக்கும் கிடைத்தது.

அந்த வருஷம்தான் பெண்களையும் போலீஸில் சேர்க்கிறார்கள் என்று ரேடியோவில் சொன்னார்கள். அக்கா பதினோராம் வகுப்பு தேறியிருந்தாள், உயரமாகவும் இருந்தாள். அந்த உயரத்துக்கு மாப்பிள்ளை எங்கே தேடுவது என்று அம்மா புலம்புகிற அளவு உயரம். டைப்ரைட்டிங் சொல்லிக்கொடுத்த டீச்சரம்மாவிடம் போய் நின்று, விண்ணப்பம் வரவழைத்துத் தரும்படி கேட்டாள். அவர் சர்ச்சுக்குப் போகிற குடும்பத்துப் பெண், தனியாக இருந்து இன்ஸ்டிடியூட் நடத்தியவர். பதில் வந்தால் இன்ஸ்டிடியூட் முகவரிக்கே வரட்டும் என்று அவரே சொன்னார். இவ்வளவும் என் கண் முன்னால்தான் நடந்தது. அக்கா என் தலையில் கை வைத்து, "ஏத்தா, இது நமக்குள்ள" என்றாள்.

ஓட்டம், உயரம் எல்லாம் பார்ப்பார்களாம். ஓடிப் பழக எங்கள் ஊரில் ஒரு பெண்ணுக்கு இடம் ஏது. டைப் வகுப்பை அரை மணி முன்னதாக முடித்துக்கொண்டு பழனிசெட்டிபட்டி பக்கம் ஆற்றங்கரைக்குப் போவோம். தென்னந்தோப்புக்கும் வாய்க்காலுக்கும் நடுவில் ஆள் வராத ஒரு வண்டிப் பாதை இருந்தது. அக்கா சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அந்தப் பாதையில் ஓடுவாள். நான் அவள் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நின்று எண்ணுவேன். முதல் நாள் கடைசித் தென்னை வரைக்கும் போய்த் திரும்ப நூற்று நாற்பது எண்ணினேன். ஒரு மாதத்தில் தொண்ணூற்றைந்துக்கு வந்துவிட்டாள். மூச்சு வாங்கிக்கொண்டு, முகம் சிவந்து, பல் தெரியச் சிரித்தபடி வருவாள். அவள் அப்படிச் சிரித்து அதற்கு முன் நான் பார்த்ததில்லை. அதற்குப் பிறகும் பார்க்கவில்லை.

வீட்டில் தையல்காரர் கடையில் காத்திருந்தோம் என்பேன், டீச்சரம்மா கூடுதல் பாடம் கொடுத்தார் என்பேன். அம்மாவுக்கு நான் உளவு, அக்காவுக்கும் நான் உளவு. இரண்டு பக்கமும் நம்பினார்கள். பன்னிரண்டு வயதில் அது எனக்குப் பெரிய கிரீடமாக இருந்தது. நான் எவ்வளவு முக்கியமானவள் என்று அவர்களுக்கே தெரியாது என்று எண்ணிக்கொண்டு திரிந்தேன்.

இதற்கிடையில் கம்பத்திலிருந்து சம்பந்தம் வந்தது. திராட்சைத் தோட்டக்காரர்கள், அப்பா கடையில் கம்பி வாங்குகிறவர்கள். மாப்பிள்ளைக்கு அக்காவைவிடப் பன்னிரண்டு வயது கூட. அவரைப் பற்றிக் குறையாகச் சொல்ல ஒன்றும் இல்லை, பெருமையாகச் சொல்லவும் ஒன்றும் இல்லை. அக்கா அழுவாள், சாப்பிடாமல் கிடப்பாள் என்று அம்மா தயாராக இருந்தாள். அக்கா தலையைக் குனிந்துகொண்டு, "உங்க இஷ்டம்" என்றாள். பெண் பார்க்க வந்தவர்களுக்குக் காபி கொடுத்தாள், விழுந்து கும்பிட்டாள், கேட்டதற்குப் பதில் சொன்னாள். அப்பா அன்றைக்கு அவளை மகாலட்சுமி என்று சொன்னார்.

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. மறுநாள் ஆற்றங்கரையில், போலீஸ் வேலை வேண்டாமா என்று கேட்டேன்.

"எதிர்த்துப் பேசுனா வீட்டுக்குள்ள பூட்டிப்புடுவாக. அவ எப்பிடிக் கிடந்தா, பாத்தேல்ல? கண்ணு இமைக்காமக் கிடந்தா. கொஞ்ச நேரந்தான். அப்புறம் எந்திரிச்சு ஜீப்ப எடுத்துட்டுப் போயிட்டா."

அவள் நிஜமாகவே அதை நம்பினாள். படத்தில் பார்த்ததை ஒருத்தி இப்படியா நம்புவாள் என்று இப்போது கேட்கலாம். நம்புவதற்கு எங்களுக்கு வேறு என்ன காட்டினார்கள்? தனியாகப் போய்த் தப்பித்து வந்த ஒரே பெண்ணை நாங்கள் அந்தத் திரையில்தான் பார்த்திருந்தோம்.

கார்த்திகையில் டீச்சரம்மா முகவரிக்கு மதுரைக்கு வரச் சொல்லிக் கடிதம் வந்தது. திங்கட்கிழமை காலை அங்கே இருக்க வேண்டும். கல்யாணம் தை மாதம். மதுரையில் டைப்ரைட்டிங் பரீட்சை என்று வீட்டில் சொல்லியாயிற்று. முதல் பஸ்ஸில் போய்ச் சாயங்காலத்துக்குள் திரும்பிவிடலாம், துணைக்கு நான் போவேன். எடுத்துவிட்டார்கள் என்றால் சர்க்கார் கடிதம் கையில் இருக்கும். அதற்கு மேல் அப்பாவால் ஒன்றும் செய்ய முடியாது என்று அக்கா சொன்னாள். வழியில் வருகிற ஆண்டிபட்டிக் கணவாயைத் தாண்டிவிட்டால் போதும், அதற்கப்புறம் யாரும் பிடிக்க முடியாது என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். நீ வெளியே உட்கார்ந்து என் செருப்பைப் பார்த்துக்கொண்டால் போதும் என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். அக்கா கொல்லையில் தலைக்குக் குளித்துக்கொண்டிருந்தாள். அம்மா அடுப்படியில் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். நான் தண்ணீர் குடிக்க உள்ளே போனேன். அம்மா பழக்க தோஷத்தில் டப்பாவைத் திறந்து என் கையில் கடலையும் வெல்லமும் வைத்துவிட்டு மறுபடி முறத்தைப் பார்த்துக் குனிந்துகொண்டாள். அன்றைக்கு அம்மா ஒன்றும் கேட்கவில்லை. கேட்க எதுவும் இல்லை, நாங்கள் எங்கும் போகவில்லை. நானாகத்தான் சொன்னேன்.

ஏன் சொன்னேன் என்று எனக்கு நானே எத்தனையோ காரணம் சொல்லிப் பார்த்திருக்கிறேன். அக்கா போய்விட்டால் நான் யாருக்குத் துணை என்று பயந்தேன். என்னைச் செருப்புக்குக் காவல் வைத்தது உள்ளுக்குள் குத்தியது. இவ்வளவு பெரிய சங்கதியை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியவில்லை. எல்லாம் உண்மைதான், ஒன்றும் போதவில்லை. வெல்லம் வாயில் கரைந்ததும் வாய் தானாகத் திறந்தது. விண்ணப்பம், டீச்சரம்மா, ஆற்றங்கரை, மதுரை, கடிதம் டைப் புத்தகத்துக்குள் இருப்பது, எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன். ஒன்றுகூட விடவில்லை. அம்மா கல் பொறுக்குவதை நிறுத்தவில்லை. கடைசியில், "சரி, நீ போயி விளையாடு" என்றாள்.

அன்று முழுக்க ஒன்றும் நடக்கவில்லை. அக்கா சேலைக்கு இஸ்திரி போட்டாள். சொன்னதால் ஒரு கெடுதியும் இல்லை போலிருக்கிறது என்று நான் நிம்மதியாகத் தூங்கினேன். காலையில் அம்மாவே எழுப்பிவிட்டுக் கட்டுச் சோறு கட்டிக் கொடுத்தாள். அக்கா அவள் காலைத் தொட்டுக் கும்பிட்டாள். நல்லா எழுது என்று அம்மா சொன்னாள். அம்மா எதற்கு அப்படிச் சொன்னாள், வாசலிலேயே நிறுத்தியிருக்கலாமே என்று இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை. ஒருவேளை அவளுக்கும் கடைசி நேரம் வரைக்கும் மனது இரண்டாக இருந்ததோ என்னவோ. நான் கேட்பதற்குள் செத்துப்போனாள்.

பஸ்ஸில் ஜன்னலோரம் அக்கா, பக்கத்தில் நான். கண்டக்டர் டிக்கெட் கிழித்துவிட்டார், டிரைவர் ஏறி உட்கார்ந்துவிட்டார். அப்போது அப்பா படியில் ஏறினார். குளித்து விபூதி பூசியிருந்தார். சத்தம் போடவில்லை. எங்கள் சீட்டுக்குப் பக்கத்தில் வந்து நின்று, "எறங்கு தாயி, வீட்டுக்குப் போவோம்" என்றார். கல்யாணத்துக்கு வந்த இடத்தில் நேரமாகிவிட்டது என்று கூப்பிடுகிற மாதிரிக் கூப்பிட்டார். டைப் புத்தகத்தைக் கேட்டு வாங்கிக் கடிதத்தை எடுத்து, நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

அக்கா இறங்கினாள். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. பஸ் ஸ்டாண்டைத் தாண்டும்போது அவள் என் கையைப் பிடித்து அழுத்தி, அப்பாவுக்குக் கேட்காமல் சொன்னாள்.

"அழாத. அவளும் இப்பிடித்தான கிடந்தா. அடுத்த தடவ எடுக்கும்போது போயிருவேன்."

கல்யாணத்தைத் தையிலிருந்து கார்த்திகைக் கடைசிக்கே மாற்றிவிட்டார்கள். அப்பா டீச்சரம்மாவின் இன்ஸ்டிடியூட்டுக்குப் போய், தெருவில் நாலு பேர் பார்க்கப் பேசிவிட்டு வந்தார். அதற்குப் பிறகு எங்கள் தெருவிலிருந்து ஒரு பெண்ணையும் அங்கே அனுப்பவில்லை. விஷயம் வெளியே போனது டீச்சரம்மா மூலமாகத்தான் என்று அக்கா நினைத்துக்கொண்டாள். தாலி கட்டுகிற அன்று அந்த அம்மாள் பந்தலுக்கு வெளியே வந்து நின்றார். அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நான் பட்டுப் பாவாடை கட்டிக்கொண்டு அக்காவுக்குப் பக்கத்தில் விசிறியோடு நின்றேன். நான் வாயைத் திறந்திருக்கலாம். திறக்க வேண்டாத நாளில் திறந்த வாய், அன்றைக்குத் திறக்கவில்லை.

எனக்கு அதற்கெல்லாம் பரிசு கிடைத்தது. இது நம்பிக்கையான பிள்ளை, இதைத் தனியாக அனுப்பலாம் என்று வீட்டில் முடிவாகிவிட்டது. மதுரையில் விடுதியில் தங்கிக் கல்லூரி படித்தேன். அந்தக் கணவாயைப் பஸ்ஸில் தனியாக எத்தனையோ தடவை தாண்டியிருக்கிறேன். பள்ளிக்கூட உத்தியோகமும் வாங்கினேன். அக்காவுக்குப் போக வேண்டிய எல்லாம் ஒவ்வொன்றாக எனக்கு வந்தது, நானும் வாங்கிக்கொண்டேன்.

கம்பத்தில் அக்கா வீட்டுக்கு விடுமுறைக்குப் போவேன். திராட்சைப் பந்தலுக்குள்தான் அவளைப் பார்க்கலாம். கொடிக்கு அடிக்கிற மயில்துத்தம் கரைத்துக் கரைத்து விரலிடுக்கெல்லாம் நீலம் ஏறியிருக்கும். முதல் வருஷம் போனபோது, பேப்பரில் போலீஸுக்கு ஆள் எடுக்கிறதாக எதுவும் வந்ததா என்று ரகசியமாகக் கேட்டாள். கல்யாணம் ஆனவர்களை எடுப்பார்களா என்று கேட்டாள். தெரியாது என்றேன். நாலாவது வருஷம் கேட்கவில்லை. அதற்குள் இரண்டாவது மகள் பிறந்துவிட்டாள். மாமா அடிக்கிறவர் இல்லை, குடிக்கிறவர் இல்லை. நாலு நாளைக்கு ஒரு தரம் கேரளாவுக்கு லோடு ஏற்றிப் போவார், வந்தால் சாப்பிடுவார், தூங்குவார். அக்கா நடப்பதே மாறிப்போயிருந்தது. தொண்ணூற்றைந்து எண்ணுவதற்குள் கடைசித் தென்னையைத் தொட்டுத் திரும்பிய கால், அடுப்படிக்கும் பந்தலுக்கும் நடுவில் தேய்ந்து தேய்ந்து நடந்தது.

கொடைக்கானலில் டவர் வைத்த பிறகு எங்கள் பக்கம் டி.வி. வந்தது. அக்கா வீட்டிலும் மாடியில் உயரமாக ஆன்டெனா நட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் இந்திப் படம் போடுவார்கள். பாஷை புரியாவிட்டாலும் எல்லோரும் உட்கார்ந்து பார்ப்போம். அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் அங்கே இருந்தேன். மாமா லோடோடு போயிருந்தார். பெரியவளுக்குப் பதின்மூன்று, வயசுக்கு வந்து நாலு மாதம். பள்ளிக்கூடத் தாவணிக்கு ஜாக்கெட் அளவு கொடுக்கக் கடைத்தெருவுக்குப் போயிருந்தாள். துணைக்குப் பத்து வயது சின்னவள்.

படம் தொடங்கிக் கறுப்புக் கோட்டுக்காரி வந்ததும் அக்கா நிமிர்ந்து உட்கார்ந்தாள். எனக்கும் தெரிந்துவிட்டது. அவள் மடியில் இருந்த கீரைக் கட்டு அப்படியே கிடந்தது. ரயில், ஓட்டல், ராத்திரித் தெரு, எல்லாம் வந்தன. பிறகு ஜீப் வந்தது. ஜீப் வருவதற்கு முன்னால் அல்லவா அவள் விழ வேண்டும்? ஜீப் மலை ஏறியது, அந்தப் பாலத்துக்குப் போய்ச் சேர்ந்தது. அவள் இறங்கிக் காகிதக் கட்டை அதிகாரியிடம் கொடுத்தாள். சுட்டார்கள். விழுந்தாள். கண்ணைத் திறந்தபடி கிடந்தாள். அதிகாரி தொப்பியைக் கழற்றினார். அதே இந்தி எழுத்து பெரிதாக வந்தது. இத்தனை ஞாயிற்றுக்கிழமைகள் பார்த்ததில் அந்த எழுத்து எப்போது வரும் என்று எங்களுக்கு இப்போது தெரியும். அதற்கப்புறம் படம் கிடையாது, செய்திதான்.

அக்கா செய்தி வாசிக்கிறவளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்ப அவ எந்திரிக்கவே இல்ல" என்றாள்.

மழையில் வந்த சைக்கிள், அவசரத்தில் மாற்றிப் போட்ட டப்பா, கடைசி ரீல் முன்னால் ஓடியும் கண்டுபிடிக்க முடியாத நாங்கள். சொல்ல வாயெடுத்தேன். அது அவளுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அதற்குப் பதிலாக, இத்தனை வருஷம் சொல்லாததைச் சொன்னேன். அன்றைக்கு அம்மாவிடம் சொன்னது டீச்சரம்மா இல்லை, நான்தான் என்றேன். சொல்லிவிட்டு, அவள் என்னை அறைய வேண்டும் என்று நிஜமாகவே வேண்டிக்கொண்டேன்.

"தெரியும்" என்றாள் அக்கா. "ரொம்ப வருசம் அந்த டீச்சர் மேலதான் நெனச்சிருந்தேன். இதுக ரெண்டும் வளந்த பெறகு தெரிஞ்சுக்கிட்டேன்."

எப்படி என்று கேட்பதற்குள் வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. பிள்ளைகள் வந்துவிட்டார்கள். பெரியவள் எங்களைப் பார்த்துச் சிரித்துவிட்டுக் கால் கழுவக் கொல்லைப் பக்கம் போனாள். அக்கா டி.வி.யை அணைத்துவிட்டு, கீரைக் கட்டை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனாள். சின்னவள் பின்னாலேயே போனாள். நான் நிலைப்படியில் நின்று பார்த்தேன்.

அக்கா டப்பாவைத் திறந்து அவள் உள்ளங்கையில் கொஞ்சம் பொட்டுக்கடலையும் ஒரு துண்டு வெல்லமும் வைத்தாள். பிறகு முறத்தை எடுத்து வைத்துக்கொண்டு கீரையை ஆயத் தொடங்கினாள். ஒன்றும் கேட்கவில்லை.

சின்னவள் வெல்லத்தைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு, தன் அக்கா எங்கெங்கே நின்றாள், யாரோடு பேசினாள் என்று தானாகவே சொல்ல ஆரம்பித்தாள்.